பழைய வேட்டைத் துப்பாக்கிகளின் தரமும் முத்திரையும்

முகவுரை

ஒரு பழம்பொருளை நம் முன் வைத்து, இஃது எக்காலத்தது, எவர் செய்தது, எத்தகைய தரத்தது என்று ஒருவர் வினவுவாராயின், நம்மிற் பலர் அதன் மேற்புறத்துப் பொலிவையே நோக்கி விடை கூற முற்படுவோம். ஏட்டுச் சுவடி பயில்வோர் அவ்வாறு செய்யார். சுவடியின் இறுதியில் எழுதப்பட்டுள்ள பெயர் ஒன்றனையே நம்பி நூலாசிரியர் இன்னாரெனத் துணியாது, நூலினுள்ளே காணும் சொல்லாட்சி முதலிய அகச்சான்றுகளும், பிற நூல்களிற் காணும் புறச்சான்றுகளும் தம்முள் ஒத்த பின்னரே துணிவர். இம்முறை ஏட்டிற்கு மாத்திரம் உரியதன்று. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் செய்யப்பெற்று, இன்று பழம்பொருள் சேர்ப்போரால் பெரிதும் விரும்பப்படும் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளை ஆராய்தற்கும் இதுவே நெறியாம்.

இவ்வாராய்ச்சி வீண் பொழுதுபோக்கோ எனின், அன்று. ஒரே கம்பெனி செய்த இரு துப்பாக்கிகளுள் ஒன்று சிறு விலைக்கும் மற்றொன்று அதனினும் பன்மடங்கு விலைக்கும் போவது அவற்றின் தரக்குறி பற்றியே. அன்றியும், பழங்காலக் கரிமருந்துக்கென அமைந்த குழலில் இக்காலத்து வலிய தோட்டாவை இட்டுச் சுடுவோன், குழல் வெடித்துக் கையையோ கண்ணையோ இழத்தல் கூடும். குழலின் அடியிற் பொறித்த சிற்றெழுத்தைப் படித்திருப்பானாயின் அவன் தப்பியிருப்பான். ஆதலின் இவ்வெழுத்துக்களைப் படிக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உறுப்புக்கள்

வேட்டைக்குரிய இத்துப்பாக்கி ஒற்றைக் குண்டைச் செலுத்துவதன்று. ஒரு தோட்டாவினுள் அடைத்த பல சிறு ஈய ரவைகளை ஒருங்கே செலுத்துவது. இதன் உறுப்புக்கள் மூன்று. இரு குழல்கள் பக்கம் பக்கமாக ஒட்டி அமைந்தது ஒன்று. சுடும் பொறிகளை உள்ளடக்கிய இரும்பாலாகிய விசைப்பெட்டி ஒன்று. தோளிற் சார்த்தும் மரக்கட்டை ஒன்று. குழல்களின் கீழே இடக்கை பற்றுதற்குரிய முன்கட்டை ஒன்றும் உண்டு. இதனைக் கழற்றினால் குழல்கள் தனியே பிரிந்துவிடும். அப்பொழுது குழல்களின் அடியில் ஒரு தட்டையான முகமும், அது படிந்திருந்த விசைப்பெட்டியில் மற்றொரு தட்டையான முகமும் வெளிப்படும். துப்பாக்கி பூட்டியிருக்குங்கால் இவ்விரு முகங்களும் ஒன்றையொன்று மறைத்து நிற்கும். நாம் படிக்கவேண்டிய எழுத்துக்களிற் பெரும்பாலன இம்மறைந்த முகங்களிலேயே உள்ளன என்பதை முதற்கண் நினைவிற் கொள்க.

மேற்புறத்தே, இரு குழல்களுக்கும் இடையே ஓடும் பட்டையில் பெரிய அழகிய எழுத்துக்களால் ஒரு பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அப்பெயர் செய்தவன் பெயராகவே இருத்தல் வேண்டுமென்னும் நியதி இல்லை. பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் பலர் பிறருக்காகத் துப்பாக்கி செய்து கொடுத்தனர். விற்ற கடைக்காரன் தன் பெயரைப் பொறித்துக் கொண்டான். நமது சென்னையில் விளங்கிய பி. ஆர் அண்டு சன்ஸ் கம்பெனியாரின் பெயர் பொறித்த பழந்துப்பாக்கிகளும் உள. அக்கம்பெனியார் கடிகாரமும் நகையும் விற்றவர் என்பதை அறிந்தார்க்கு, அப்பெயர் விற்றவர் பெயரெனக் கொள்ளுதலே பொருத்தமென்பது விளங்கும். சுவடியின் முதலேட்டில் உள்ள பெயர் சில வேளைகளில் படியெடுத்தவன் பெயராயிருத்தல் போல்வது இது.

‘பன்னிரண்டு’ என்பதன் பொருள்

துப்பாக்கியைப் பன்னிரண்டு போர், பதினாறு போர், இருபது போர் என்று வழங்குவர். எண் பெருகுந்தோறும் குழல் சிறுத்தல் புதியோர்க்கு வியப்பளிக்கும். இதன் காரணம் எளிது. ஒரு பவுண்டு நிறையுள்ள ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கின், அவற்றுள் ஓர் உருண்டை எக்குழலிற் சரியாகப் பொருந்துமோ அது பன்னிரண்டு போர் எனப்படும். இருபது உருண்டையாக்கின் ஒவ்வொன்றும் சிறிதாகுமன்றோ? ஆதலின் இருபது போர்க் குழலும் சிறிதாயிற்று. இம்முறைப்படி பன்னிரண்டு போர்க் குழலின் உள்விட்டம் 0.729 அங்குலம், இருபது போரின் உள்விட்டம் 0.615 அங்குலம்.

பழைய ஆங்கிலத் துப்பாக்கியின் குழலடியில் 12 என்றன்றி 13 என்றோ, 13/1 என்றோ பொறித்திருத்தலைக் கண்டு சிலர் மயங்குவர். 13 என்பது உள்விட்டம் 0.710 அங்குலத்தையும், 13/1 என்பது 0.719 அங்குலத்தையும், 12 என்பது 0.729 அங்குலத்தையும் எட்டியது எனக் காட்டும் அளவுக்குறி. தோட்டா புகும் அறை பன்னிரண்டு போர்க்குரியதாக இருப்பினும், அதற்கு முன்னுள்ள குழல் சிறிது குறுகியிருத்தல் அக்காலத்து வழக்கம். ஆதலின் 13/1 என்னும் குறி குற்றமன்று.

இக்குறியால் விளையும் பயன் பெரிது. 13/1 என்று பொறித்த குழலை இன்று அளந்து பார்க்க அது 0.730 அங்குலம் இருக்குமாயின், நாம் அறிவது யாது? சோதிக்கப்பெற்ற நாளில் அவ்வளவு அகலம் இல்லை. பிற்காலத்தில் எவனோ உட்புறத் துருவையும் குழிகளையும் போக்குதற்பொருட்டுக் குழலைக் கடைந்து தேய்த்திருக்கிறான். உட்புறம் கண்ணாடிபோல் மின்னுகின்றது, சுவரோ மெலிந்துவிட்டது. இத்தகைய துப்பாக்கி சோதனைக்குப் புறம்பானது எனப்படும். அதனை அந்நிலையில் விற்றல் பிரிட்டனின் சட்டப்படி குற்றமாகும். பார்வைக்குக் குற்றமற்றதாய்த் தோன்றும் குழலின் உண்மையை, ஒரு சிற்றெண்ணும் ஓர் அளவுகோலும் சேர்ந்து உரைத்துவிடுகின்றன.

சோதனைச்சாலை முத்திரை

இங்கிலாந்தில் குழல்களை விற்குமுன் சோதித்தல் நெடுங்கால வழக்கம். வழக்கமாக இடும் மருந்தினும் மிகுதியாக இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடியாது நின்ற குழலுக்கே முத்திரை இடுவர். இலண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கம் 1637ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைச்சாலை 1813ஆம் ஆண்டின் பார்லிமெண்டுச் சட்டத்தால் ஏற்பட்டது. இவ்விரு சாலைகளும் துப்பாக்கி செய்வோனுக்கும் வாங்குவோனுக்கும் நடுநின்று சான்று கூறுவன.

பர்மிங்ஹாம் சாலையார் 1904ஆம் ஆண்டு வரை இட்ட முத்திரையில், குறுக்காக வைத்த இரு செங்கோல்களும் மேலே ஒரு முடியும் இருக்கும். செங்கோல்களின் இடையே பர்மிங்ஹாம், புரூஃப், கம்பெனி என்னும் சொற்களின் ஆங்கில முதலெழுத்துக்கள் காணப்படும். 1904ஆம் ஆண்டிற்குப் பின் செங்கோல்கள் நீங்க, முடியின் கீழ் ஈரெழுத்துக்கள் மட்டும் நின்றன. பர்மிங்ஹாம் புரூஃப் என்பதன் முதலெழுத்துக்கள் ஒன்றிலும், நைட்ரோ புரூஃப் என்பதன் முதலெழுத்துக்கள் மற்றொன்றிலும் அமைந்தன. இலண்டன் சாலையின் முத்திரையோ, முடியின் கீழ் ஒன்றோடொன்று பின்னிய ஜி, பி என்னும் இரண்டெழுத்து. 1904 முதல் நைட்ரோ சோதனைக்கு இலண்டனார் வாளேந்திய கவசக் கை ஒன்றனைப் பொறித்தனர். இவ்வளவு அறிந்தமாத்திரத்தே, ஒரு துப்பாக்கி எவ்வூரில், 1904க்கு முன்னோ பின்னோ சோதிக்கப்பட்டது எனக் கூறிவிடலாம்.

நைட்ரோ என்பது யாது? பழைய கரிமருந்துக்கு மாறாகப் புகையற்ற புதுமருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கிற்கு வந்தது. அதன் அழுத்தம் வேறு தன்மையது. ஆதலின் அதற்கெனத் தனிச் சோதனை 1896ஆம் ஆண்டின் விதிகளில் இடம்பெற்றது. நைட்ரோ முத்திரை இல்லாத துப்பாக்கியைக் கரிமருந்துக்கே உரியது எனக் கொள்ளுதல் அறிவுடைமை.

காலங்காட்டும் குறிகள் வேறு சிலவும் உள. குழலின் வாயைச் சிறிது குறுக்கி ரவைகள் சிதறாது செல்லச் செய்யும் முறை பரவியபொழுது, அத்தகைய குழலிற் பெருங்குண்டு இடலாகாது என எச்சரிக்கும் மூன்று ஆங்கிலச் சொற்களை 1875 முதல் 1887 வரை பொறித்தனர். 1887 முதல் 1954 வரை, சாய்சதுரக் கட்டத்தினுள் 12 என்னும் எண்ணும் அதன் கீழ் சி என்னும் எழுத்தும் பொறிப்பது வழக்கம். அது தோட்டா அறையின் அளவைக் குறிப்பது. சி என்பதன் முன் எல் என்னும் எழுத்தும் சேர்ந்திருப்பின் அறை நீளமானது என்பது பொருள். 1954ஆம் ஆண்டின் விதிகளுக்குப் பின் உள்விட்டத்தை அங்குலத்தின் தசம பின்னத்திலும், தாங்கும் அழுத்தத்தைச் சதுர அங்குலத்திற்கு இத்தனை டன் என்றும் எழுதலாயினர். பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் தோட்டா அறை இரண்டரை அங்குல நீளமே உடையது. இன்று பரவலாக விற்கும் இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டா அதனுள் புகுந்துவிடினும் சுடும்பொழுது விரிதற்கு இடமின்றி அழுத்தம் மிகுமென்பதை உணர்தல் வேண்டும்.

ஒரே குழலில் இருகாலத்து முத்திரைகள் காணப்படுதலும் உண்டு. தமஸ்கு வேலைப்பாட்டுக் குழல் என வழங்குவது, இரும்பும் எஃகுமாகிய கம்பிகளை முறுக்கிச் சுற்றிக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்தது. அதன் மேல் நீரலைபோன்ற கோலம் தோன்றும். செங்கோல் முத்திரை உடைய அத்தகைய குழலில், 1954க்குப் பிற்பட்ட டன் கணக்கும் இருக்குமாயின், அது பழமையானதென்றும், பிற்காலத்தில் நைட்ரோ மருந்துக்காக மீண்டும் சோதிக்கப்பெற்றதென்றும் கொள்க. செய்த காலத்தை அறிதற்கு முந்திய முத்திரையையும், அண்மைச் சோதனையை அறிதற்குப் பிந்திய முத்திரையையும் நோக்குதல் முறை. மூலபாடத்தின் மேல் பிற்காலத்தார் எழுதிய உரையைப் பிரித்தறிதல் போல இவற்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

தரவரிசை: பார்க்கர் துப்பாக்கி

சோதனை முத்திரை வலிமையைச் சொல்லும். வேலைப்பாட்டின் உயர்வு தாழ்வைச் சொல்லாது. அதனைச் சொல்வது செய்தவன் இட்ட தரக்குறி. இதற்கு அமெரிக்க நாட்டுப் பார்க்கர் சகோதரர் கம்பெனியின் துப்பாக்கி தக்க எடுத்துக்காட்டு. கனெக்டிகட் மாநிலத்து மெரிடன் நகரில், காப்பி அரைக்கும் இயந்திரம் முதலிய இரும்புச் சாமான்கள் செய்து பெயர்பெற்ற சார்லஸ் பார்க்கர் என்பாரின் தொழிற்சாலை, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் வேட்டைத் துப்பாக்கி செய்யத் தொடங்கிற்று. 1934ஆம் ஆண்டில் ரெமிங்டன் கம்பெனி அதனை விலைக்கு வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தே, 1942ஐ ஒட்டி, உற்பத்தி நின்றுவிட்டது. அதுகாறும் செய்யப்பட்டவை ஏறக்குறைய 2,42,000 துப்பாக்கிகள்.

அமெரிக்காவில் அரசாங்கச் சோதனைச்சாலை இல்லை. ஆதலின் பார்க்கர் துப்பாக்கியில் முடி முத்திரை இராது. இருக்குமாயின் அது பிரிட்டனுக்குச் சென்று அங்கே சோதிக்கப்பெற்றது என்று அறியலாம். செய்தவனது சொல்லே ஈண்டுச் சான்றாதலின், தரக்குறியை நன்கு ஆராய்தல் வேண்டும்.

குதிரை வெளியே தோன்றாது விசைப்பெட்டியினுள் அடங்கிய பார்க்கர் வகையின் தரங்கள், கீழிருந்து மேலாக, டிரோஜன், வி எச், ஜி எச், டி எச், சி எச், பி எச், ஏ எச், ஏ ஏ எச், ஏ ஒன் ஸ்பெஷல் என அமைவன. இவற்றிற்கும் மேலாக இன்வின்சிபில் எனப் பெயரிட்டவை அறியப்பட்ட அளவில் மூன்றே. எச் என்னும் எழுத்து வெளிக்குதிரை இன்மையைக் குறிக்கும். இறுதியில் ஈ என்னும் எழுத்துச் சேர்ந்து டி எச் ஈ என நிற்குமாயின், சுட்ட தோட்டாவின் வெறுங்கூட்டைத் தானே வெளியே எறியும் பொறி உண்டென்பது பொருள். பகுதி, விகுதி பிரித்துச் சொற்பொருள் காண்பார்க்கு இஃது எளிதிற் புலனாம்.

இத்தரக்குறி விசைப்பெட்டியின் தட்டை முகத்தில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். வி தரத்திற்கு வி என்னும் எழுத்தே நிற்கும். ஜி தரத்திற்கு 2, டி தரத்திற்கு 3, சி தரத்திற்கு 4, பி தரத்திற்கு 5, ஏ தரத்திற்கு 6 என எண்கள் நிற்கும். குழலின் அடியிலுள்ள கொளுவியில் மற்றோர் எண் காணப்படும். அதனைத் தரமென மயங்கற்க. அது விசைப்பெட்டியின் பருமனைக் காட்டுவது. மூன்று சுழி மிகச் சிறிய பெட்டிக்கும், பின் இரண்டு சுழி, ஒரு சுழி, 1, 2 என ஏறுவன முறையே பெரிய பெட்டிக்கும் உரியன. முகத்தில் உள்ள 2 தரத்தையும் கொளுவியில் உள்ள 2 பருமனையும் குறித்தலின், எண் ஒன்றாயினும் இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

தரம் உயர உயரச் செதுக்கு வேலையும் கட்டையின் மரவரியும் சிறக்கும். டிரோஜனிற் சித்திரம் இல்லையென்றே சொல்லலாம்; வி தரத்தில் ஓரக்கொடி சிறிது உண்டு; டி தரத்தில் வேட்டைநாயும் பறவையும் தோன்றும்; அதற்கு மேற்பட்டவற்றில் எஃகின் முகமெல்லாம் கொடிப்பின்னல் நிறையும். குழலிடைப் பட்டையில் எஃகின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். வி தரத்திற்கு வல்கன், டி தரத்திற்கு டைட்டானிக், சி, பி தரங்களுக்கு ஆக்மி என்பன உரிய பெயர்கள். ஆயினும் உள்ளே இயங்கும் பொறி இவற்றிற்குப் பெரும்பாலும் ஒன்றே. உயர்தரத்துக்கு மிகுதியாகக் கொடுத்த விலை கைவினைஞனது பொழுதிற்கும் அழகிற்கும் கொடுத்த விலையேயன்றி, வெடியைத் தாங்கும் ஆற்றலுக்குக் கொடுத்த விலையன்று.

ஒரு கம்பெனியின் இலக்கணத்தை மற்றொன்றிற்கு ஏற்றுதலும் பிழை. நியூயார்க் மாநிலத்து ஃபுல்டன் நகரில் ஹன்டர் கம்பெனியார் செய்த எல். சி. ஸ்மித் துப்பாக்கிகள் முதலில் எண்களாற் பெரும்பாலும் தரம் பிரிக்கப்பட்டன. 1913 முதல் ஃபீல்டு, ஐடியல் முதலிய பெயர்கள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆதலின் எண் கண்டவுடன் தரம் கூறாது, செய்தவன் யார், எவ்வாண்டு என்பவற்றை முன்னர்த் துணிதல் வேண்டும்.

இடைச்செருகல்

உயர்தரத்திற்கு விலை மிகுதியாதலின், கீழ்த்தரத் துப்பாக்கியில் புதிதாக நாயும் பறவையும் செதுக்கி உயர்தரமெனக் காட்டுவாரும் உளர். நூலில் இடைச்செருகல் போல்வது இது. இதனைக் கண்டறியும் வழியும் அத்தகையதே. மேற்புறம் டி தரத்துச் சித்திரமாக, பட்டையில் வல்கன் எஃகு என்றும், தட்டை முகத்தில் வி என்றும் இருக்குமாயின் பொய் வெளிப்படும். தட்டை முகத்து எழுத்தையும் ஒருவன் மாற்றுவானாயின், வரிசை எண் எஞ்சி நிற்கும். விசைப்பெட்டி, குழல், முன்கட்டையின் இரும்பு, விசைக்காப்பு ஆகிய இடங்களில் ஒரே வரிசை எண் காணப்படுதல் வேண்டும். ஒன்று மாறுபடின், அவ்வுறுப்பு வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்ததாகும்.

இவை அகச்சான்றுகள். புறச்சான்றும் உண்டு. பார்க்கர் தொழிற்சாலையின் கணக்குப் புத்தகங்களிற் பல அழியாது எஞ்சியுள்ளன. பார்க்கர் துப்பாக்கி சேர்ப்போர் சங்கத்தார் அவற்றை ஆராய்ந்து, குறித்த எண்ணுள்ள துப்பாக்கி எத்தரத்தில், எத்தனை அங்குலக் குழலோடு செய்யப்பட்டதென்று, பதிவு கிடைத்த அளவிற் கடிதம் தருகின்றனர். பொருளும் புத்தகமும் ஒத்தபொழுதே தரம் உறுதிப்படும். 1980களில் ஜப்பானிற் செய்யப்பெற்ற பார்க்கர் மறுபடைப்புக்களைப் போலியென இகழ்தல் தகாது. அவை தம்மை மறுபடைப்பென்றே எழுத்தாற் கூறிக்கொள்வன. தன் பெயரை மறைப்பதன்றோ போலி?

ஆராய்வார்க்குச் சில விதிகள் கூறி அமைவாம். கையிலெடுத்தவுடன் தோட்டா உள்ளே இல்லை என்பதைத் திறந்து பார்த்து உறுதிசெய்க. எழுத்துத் தெளிவாகத் தோன்றவேண்டுமென்று அரமோ உப்புத்தாளோ கொண்டு தேய்க்கற்க; கல்வெட்டைச் சுரண்டினவன் கல்வெட்டை இழந்தான் என்பதை நினைக்க. மெல்லிய எண்ணெய் தடவித் துணியால் துடைத்து, சாய்ந்த ஒளியிற் படம் பிடித்தலே போதும். முத்திரை நன்றாயிருப்பது கொண்டே சுடுதற்குத் துணியற்க. முத்திரை சோதித்த நாளின் நிலையைச் சொல்லுமேயன்றி இன்றைய நிலையைச் சொல்லாது. சுவரின் கனத்தை அளத்தல் துப்பாக்கித் தொழில் கற்றவன் கடமை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமம் பற்றிக் கூறும் விதிகளையும் மறவாதிருத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், ஒரு பழந்துப்பாக்கியில் மூவகை எழுத்துக்கள் உள என்பது பெறப்படும். பட்டையில் மின்னும் பெயர் வாங்குவோன் கண்ணுக்காக எழுதப்பட்டது. தரக்குறி தொழிற்சாலையினுள் வேலை செய்தோர் தமக்குள் அறிந்துகொள்ள எழுதியது. சோதனை முத்திரை, விற்பனையால் ஆதாயம் பெறாத நடுவன் இட்டது. இவற்றுள் மறைவான இடத்துச் சிற்றெழுத்துக்களே மிகுதியும் நம்பத்தக்கன. ஏனெனில் அவற்றை எழுதியவர்க்கு நம்மை மயக்கும் நோக்கமில்லை.

வரி கொடுத்தல் முறையோ என்று கேட்டு வந்தவர்களிடம், நம் ஆண்டவர் உடனே விடை பகர்ந்தாரல்லர். காசொன்றைக் கொணரச் செய்து, அதன் மேலுள்ள உருவமும் எழுத்தும் எவருடையவென்று முதலில் அவர்களையே பார்க்கச் செய்தார். கையிலுள்ள பொருளைத் திருப்பிப் பார்த்து அதன் எழுத்தைப் படித்த பின்னரே தீர்ப்புக் கூறுதல் நலம் என்பதை, ஏட்டையும் கல்லையும் ஆராயப் புகும் மாணவராகிய நாமும் கைக்கொள்வோமாக.